வாசித்துக் காட்டிய சாட்சி

அத்தியாயம் 7

"நாற்பது நிமிஷம்" என்றார் சிஸ்டர். "நாற்பது நிமிஷம் ஒருத்தன் உட்கார்ந்து வாசிச்சுக் காட்டியிருக்கான். அந்தப் புண்ணியவானை எனக்குப் பார்க்கணும்."

பிரசவ வார்டின் வெளிநடையில் நின்றிருந்தோம். மணி இரண்டு ஐம்பது. சிஸ்டர் கையில் ஒரு சம்மதப் படிவத்தின் நகல், பதினான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் கீழே, 'முழுவதும் வாசித்துக் காட்டினேன், 10.05 முதல் 10.45 வரை' என்ற வரியும் ஒரு சாட்சிக் கையெழுத்தும்.

சிஸ்டர் முப்பது வருஷம் தலைமை நர்ஸாக இருந்து, ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் அலுவலகம் திறந்தவர். நான் அவருடைய உதவியாள். எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். அது பாராட்டா கிண்டலா என்று இரண்டு வருஷமாகத் துப்பறிந்துகொண்டிருக்கிறேன்.

உள்ளே படுத்திருப்பவள் ஒரு தையல்காரி. எட்டு மாதக் கர்ப்பம். குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் புது மருந்து ஒன்றை இந்த மருத்துவமனை சோதித்து வருகிறது. நானூற்றுப் பன்னிரண்டு கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவளுக்கும் தெரியாது. ஆளுக்கொரு ஒட்டிய உறை உண்டு, விடை அதற்குள். தையல்காரியின் எண் இருநூற்றுப் பதினேழு.

இன்று மதியம் குழந்தையின் துடிப்பு தளர ஆரம்பித்துவிட்டது.

"உடனே அறுத்து எடுக்கணும்" என்றாள் பிரசவ டாக்டர். கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்திருந்தாள். "ஆனா அவ உடம்புல போனது மருந்தா தண்ணியான்னு தெரியணும். மருந்துன்னா ரத்தம் உறையாது. மாத்து மருந்து ஏத்திட்டுத்தான் கத்தி வைக்கணும். தண்ணின்னா, அந்த மாத்து மருந்தே அவளைக் கொன்னுடும்."

"டெஸ்ட் பண்ணிப் பார்க்க முடியாதா?" என்றேன்.

"புது மருந்தும்மா. டெஸ்ட் இன்னும் வரலை. ஒரு மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல குழந்தைக்கு நான் கேரண்டி இல்லை."

அந்த உறையைத் திறக்கும் அதிகாரம் ஆராய்ச்சித் தலைவருக்கு மட்டும்தான். புரொஃபசர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர் வந்து பேசிவிட்டுப் போனதை அப்படியே சொல்கிறேன்.

"ஒரு உறையைத் திறந்தா மொத்த ஆராய்ச்சியும் சந்தேகத்துக்கு இடமாயிடும். நாளைக்குப் பிறக்கப்போற லட்சம் குழந்தைங்களுக்கு யார் பதில் சொல்றது? தெரிஞ்சுக்காம இருக்க அவங்களே சம்மதிச்சு ரேகை வெச்சிருக்காங்க, பாருங்க. எதுக்கும் இன்னிக்குக் கத்தி வைக்காதீங்க, டாக்டர். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

நாளைக்காம். கல்யாணப் பத்திரிகைக்கா தேதி பார்க்கிறார்கள்?

எங்களைக் கூப்பிட்டவள் தையல்காரியின் நாத்தனார். வார்டு வாசலை விட்டு நகராமல் நின்றாள். "என் தம்பி பொண்டாட்டி பத்தாவது படிச்சவ சிஸ்டர். ஊர்ப்பட்ட பேரோட அளவை நோட்டுல எழுதி வெச்சிருக்கா. அவளைப் போய் கைநாட்டுன்னு காட்டறானுங்களே! அன்னிக்குக் கையில ட்ரிப்ஸ் ஏறிட்டிருந்துச்சாம். யாரோ விரலைப் பிடிச்சு மையில அமுக்கினாங்களாம். யாரும் வாசிக்கலையாம். சத்தியம் பண்றா."

"படிக்கத் தெரிஞ்சவ கையில கொடுத்தா படிச்சுத் தொலைப்பா" என்றார் சிஸ்டர். "கைநாட்டுன்னா ஒரு சாட்சி வாசிச்சுக் காட்டினாப் போதும். வேலை சுளுவு."

எனக்கு உச்சி எரிந்தது. என் அம்மா கைநாட்டு. கல்லூரி விண்ணப்பத்தில் அவள் ரேகை வைத்தபோது குமாஸ்தா ஒரு துணியை எடுத்துப் போட்டான், மேசையில் மை படக் கூடாதாம். அவளுக்கு எழுத்து தெரியாது, அது அவள் குற்றமில்லை. எழுத்துத் தெரிந்த ஒருத்தியைப் பிடித்து ரேகைக்குள் அடைக்கிறவர்களை என்ன செய்வது?

"சாட்சி பொய்னு நிரூபிச்சா?" என்று கேட்டேன்.

"சம்மதம் பொய். சம்மதம் பொய்னா அவ இந்த ஆராய்ச்சியிலேயே இல்லை. ஆராய்ச்சியிலேயே இல்லாதவளோட உறையைத் திறந்தா எந்த ஆராய்ச்சி கெடப்போகுது?"

"சிஸ்டர், நீங்க நர்ஸ் வேலைக்குப் போனது வக்கீல்களோட அதிர்ஷ்டம்."

அவர் கேட்கவில்லை. நர்ஸ் அறையின் மேசையில் கிடந்த தையல்காரியின் ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. 'அனுப்பப்பட்டது' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. சுருண்டு சுருண்டு போய் முடிவில் ஒரு நீண்ட வால். வாலுக்கு அடியில் இரண்டு புள்ளிகள். படிவத்தில் இருந்த சாட்சிக் கையெழுத்திலும் அதே வால், அதே புள்ளிகள்.

"இந்த ஃபைல் எங்கிருந்து வந்துச்சு?"

டியூட்டி நர்ஸ் சுவரில் இருந்த சின்னக் கதவைக் காட்டினாள். அதற்குள் கயிற்றில் ஓடும் ஒரு பெட்டி, ஃபைல் லிஃப்ட். "அடித்தளத்துல ரெக்கார்டு ரூம். அங்கிருந்து அனுப்புவாங்க. மணி ஒரு தடவை அடிச்சா ஃபைல். மூணு தடவை அடிச்சா அவசரம்."

"வாடி டிகிரி" என்றார் சிஸ்டர்.

*

அடித்தளத்தில் கைப்பேசி செத்துப்போனது. நீண்ட நடையின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. காவலாளி தன் அட்டையை வெளியே இருந்த பெட்டியில் காட்ட, கதவு 'க்ளிக்' என்றது. ஃபைல் பார்க்க வந்திருப்பதாகச் சிஸ்டர் சொன்னதை அவன் நம்பினானோ இல்லையோ, அவருடைய நடையை நம்பினான். தலைமை நர்ஸ் நடை அது. எந்த மருத்துவமனையிலும் எந்தக் கதவும் திறக்கும்.

உள்ளே கூரை வரை ஃபைல்கள். ஏணி மேல் ஒருவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் மாஸ்க். கழுத்தில் மடித்துக் கட்டிய வெள்ளைக் கைக்குட்டை. தூசிக்கு இத்தனை பயந்த மனிதரைத் தூசிக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இருநூற்றுப் பதினேழாம் நம்பர் சம்மதப் படிவத்தோட அசல் வேணும்" என்றார் சிஸ்டர்.

அவர் இறங்கினார். மூச்சு வாங்கியது, கழுத்துக் கைக்குட்டை ஏறி ஏறி இறங்கியது. ஃபைலை உருவி மேசையில் வைத்தார்.

"இந்தச் சாட்சிக் கையெழுத்து உங்களுதா?" என்றேன் நான்.

தலையாட்டினார்.

"நீங்கதான் நாற்பது நிமிஷம் வாசிச்சுக் காட்டினீங்களா?"

அவர் மேசை மணியின் பொத்தானைத் துடைத்தார்.

"ஏன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"டிகிரி" என்றார் சிஸ்டர் மெதுவாக. அந்தத் தொனியில் அவர் கூப்பிட்டால் நான் ஏதோ அசிங்கமாகச் செய்துவிட்டேன் என்று பொருள்.

அப்போதுதான் பின்னால் 'க்ளிக்' கேட்டது.

ஓடிப் போய்க் கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் புரொஃபசரின் மூக்குக்கண்ணாடி.

"நோயாளிகளோட ரகசிய ஆவணங்கள் இருக்கிற இடத்துல அத்துமீறி நுழைஞ்சிருக்கீங்க" என்றார், கதவு வழியாகத் தேய்ந்த குரலில். "போலீஸுக்குச் சொல்லியாச்சு. வர்ற வரைக்கும் அங்கேயே இருங்க."

"மேல ஒருத்தி சாகக் கிடக்கா!" என்று கத்தினேன். முகம் போய்விட்டது.

உள்பக்கச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அழுத்தினேன். குத்தினேன். ரெக்கார்டுகாரர் என் தோளைத் தட்டி, ஒரு சீட்டைக் காட்டினார்: 'மூணு மாசமா வேலை செய்யல.'

"அப்போ நீங்க எப்படி வெளியே போவீங்க?"

எழுதினார்: 'சாப்பாட்டுக்கு ஒரு தடவை திறப்பாங்க. வீட்டுக்கு ஒரு தடவை.'

ஜன்னல் இல்லை. மூன்று குழல்விளக்குகள், அதில் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. காற்றில் பழைய காகிதத்தின் புளித்த வாடை. மூன்று மாதமாக ஒரு மனிதரை இதற்குள் பூட்டி வைத்து, இரண்டு வேளை திறந்துவிடுகிறார்கள். கோழிக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

"நீங்களும் சேர்ந்து கத்துங்களேன்! காவலாளிக்காவது கேக்கும்!" என்றேன்.

"அவரால முடியாது" என்றார் சிஸ்டர். "ஏணியில மூச்சு வாங்கினப்ப மாஸ்க் அசையவே இல்லை, பார்த்தியா? கைக்குட்டைதான் அசைஞ்சுது. மூக்கால மூச்சு விடாத மனுஷன் எதால விடுவார்?"

ரெக்கார்டுகாரர் கைக்குட்டையைத் தளர்த்தினார். தொண்டைக் குழியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு, ஒரு துளை.

முத்து உதிருமா என்று கேட்ட வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"மன்னிச்சுக்கங்கண்ணா" என்றேன். கையை அசைத்து விட்டுவிட்டார். இதைவிட மோசமாகக் கேட்டுப் பழகியவர் போல.

"குரல்வளை எடுத்து எத்தனை வருஷமாச்சு?" என்றார் சிஸ்டர்.

மூன்று விரல்.

"ஆராய்ச்சி ஆரம்பிச்சு?"

ஒரு விரல், பிறகு அதில் பாதி.

சிஸ்டர் படிவத்தை என்னிடம் நீட்டினார். "நானூற்றுப் பன்னிரண்டு பொம்பளைங்களுக்கு, ஆளுக்கு நாற்பது நிமிஷம், குரலே இல்லாத மனுஷன் வாசிச்சுக் காட்டியிருக்கார். மேல இருக்கிற ஒருத்தனுக்கும் இது உறைக்கலை. அவங்களுக்கு இவரோட கையெழுத்தைத்தான் தெரியும். இவரைத் தெரியாது."

ரெக்கார்டுகாரர் எழுத ஆரம்பித்தார். வேகமாக, அழகாக. முன்பு வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் எண் கூப்பிடும் வேலையாம். மைக்கே தேவைப்படாத குரல் என்பார்களாம். குரல் போனதும் வேலை போக இருந்தது. புரொஃபசர்தான் இங்கே போட்டார். வாரம் அஞ்சாறு படிவம் வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார். 'தப்புன்னு தெரியும். ரெண்டு பொண்ணு படிக்குது.'

சிஸ்டர் திட்டவில்லை. எனக்குத் திட்டத் தோன்றியது. ஆனால் 'ரெண்டு பொண்ணு படிக்குது' என்ற வரி என்னைத் தடுத்தது. என்னையும் யாரோ ஒருவர் இப்படி எதையோ விழுங்கித்தான் படிக்க வைத்திருப்பார்கள்.

"உறைகள் எங்கே?" என்றார் சிஸ்டர்.

ரெக்கார்டுகாரர் மூலையில் இருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். சாவி அங்கேதான். தலையை இடமும் வலமும் ஆட்டினார். எழுதினார்: 'திறந்தா வேலை போயிடும்.'

மணி மூன்று பன்னிரண்டு.

"திறக்க வேண்டாம்" என்றார் சிஸ்டர். "வெளியே எடுங்க போதும். பார்த்துட்டு உங்க கையிலேயே தந்துடறேன்."

ரெக்கார்டுகாரர் பையிலிருந்த சாவியைத் துணியோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார். எங்களுக்கு அது நீண்ட நேரம். கடிகாரத்தில் ஒரு நிமிஷம். பிறகு அலமாரியைத் திறந்து இருநூற்றுப் பதினேழை எடுத்துக் கொடுத்தார். பழுப்பு உறை. ஒட்டிய மடிப்பின் மேல் குறுக்காக அவருடைய கையெழுத்து: சுருள் மடிப்பில், வால் அதைத் தாண்டி உறையின் உடம்புக்குப் போகிறது. பிரித்தால் தெரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

சிஸ்டர் அதை விளக்குக்கு நேரே பிடித்தார். ஒன்றும் சொல்லாமல் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"உங்க கையெழுத்துத்தானே. நல்லாப் பாருங்க."

பார்த்தார். உறையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். வால், மடிப்பின் விளிம்பில் ஓர் அரிசி அளவுக்கு இடறி, சற்றுக் கீழே இருந்து மறுபடி தொடங்கியது.

யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

அவர் அடுத்த உறையை எடுத்தார். அதற்கடுத்தது. ஒரு கட்டு முழுவதையும் மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் வால் உடைந்திருந்தது. கழுத்துக் கைக்குட்டை படபடவென்று அடித்தது. குரல் இருந்திருந்தால் அந்தக் கட்டடமே அதிர்ந்திருக்கும்.

சீட்டில் காகிதம் கிழிகிற அழுத்தத்தில் எழுதினார்: 'சாவி ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு புரொஃபசர்கிட்ட.'

"லட்சம் குழந்தைங்கன்னு அந்தாளு எங்ககிட்ட பாடம் நடத்தினாரே!" என்றேன். "திறந்தா ஆராய்ச்சி கெட்டுடுமாம். கெட்டு நாறி எத்தனை நாளாச்சோ!"

ரெக்கார்டுகாரர் என்னைக் கவனிக்கவில்லை. இன்னொரு சீட்டு எடுத்தார். இந்த முறை நிதானமாக எழுதினார்: 'உறை 217 முன்பே பிரிக்கப்பட்டது. சம்மதப் படிவம் வாசித்துக் காட்டப்படவில்லை. இதற்கு நான் சாட்சி.' கீழே சுருள், வால், இரண்டு புள்ளி.

உறையையும் சீட்டையும் ஃபைல் லிஃப்டின் பெட்டியில் வைத்தார்.

"நானும் இதுக்குள்ள ஏறிப் போகட்டுமா?" என்றேன்.

"உன் வாய்க்கே இடம் பத்தாது" என்றார் சிஸ்டர்.

ரெக்கார்டுகாரர் கயிற்றை இழுத்தார். பெட்டி இருட்டுக்குள் ஏறியது. மணியை மூன்று முறை அடித்தார். பிறகு சிறிது யோசித்து, இன்னும் மூன்று.

*

மூன்று இருபத்தாறுக்குக் கதவு திறந்தது. புரொஃபசரும் காவலாளியும். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்கத் தீயணைப்பு உருளையை நகர்த்தி முட்டுக்கொடுத்தார். கவனமான மனிதர்தான். "நீ மேல போ. போலீஸ் வந்ததும் கூட்டிட்டு வா" என்று காவலாளியை அனுப்பினார்.

மேசையில் பரப்பியிருந்த உறைகளைப் பார்த்ததும் முகம் சுண்டியது.

"என்ன பண்ணியிருக்கீங்க தெரியுதா? நானூறு தாய்மாருங்களோட தியாகத்தை..."

ஃபைல் லிஃப்டின் மணி அடித்தது. ரெக்கார்டுகாரர் கயிற்றை இழுத்தார். பெட்டிக்குள் ஒரு சீட்டு. சிஸ்டர் உரக்கப் படித்தார்.

"'மருந்துதான். மாத்து மருந்து ஏத்தியாச்சு. தியேட்டருக்குப் போறோம்.'"

சீட்டைப் புரொஃபசர் பக்கம் நீட்டினார்.

"மூணு மணிக்கு முன்னால மேல ஒரு வார்த்தை சொன்னீங்க டாக்டர்" என்றார் சிஸ்டர். "'எதுக்கும் இன்னிக்குக் கத்தி வைக்காதீங்க'ன்னு. உடம்புல இருக்கிறது மருந்தா தண்ணியான்னு தெரியாத ஆளுக்குக் குழந்தை போனாலும் கத்தி வேண்டாம்னு சொல்ற அளவுக்கு என்ன பயம்? பாதிக்குப் பாதி தண்ணியா இருக்கலாமே, அப்போ தாராளமா அறுக்கலாமே. தெரிஞ்சுதான் சொன்னீங்க. அவ ரத்தம் நிக்காதுன்னு தெரிஞ்சே, தெரியாத மாதிரி நின்னீங்க."

"நான் பார்த்தது..." குரல் உடைந்தது. "வேலை செய்யுதான்னு பார்க்கத்தான். முப்பதாம் வாரத்துல பிறந்து கையில செத்துப்போன குழந்தைங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க, சிஸ்டர். இந்த மருந்து அதை நிறுத்துது. நிஜமாவே நிறுத்துது. ஆனா அறுத்தா ரத்தம் போகுது. இவளுக்குப் போனது மருந்துதான்னு சொன்னா நான் உறையைப் பிரிச்சது தெரிஞ்சுடும். எல்லாம் போயிடும்."

"வாசிச்சுக் காட்டியிருக்கலாமே?" என்றேன்.

"வாசிச்சா பாதிப் பேர் மாட்டேம்பாங்க! அப்புறம் மருந்து எப்படி வரும்?"

"மாட்டேம்பாங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கவே இல்லை. அப்படித்தானே?" என்றார் சிஸ்டர். "பிறந்து செத்த குழந்தைங்களை நானும் கையில வாங்கியிருக்கேன், டாக்டர். அதுக்காக அவங்க அம்மாவோட விரலை நான் மையில அமுக்கலை."

புரொஃபசர் சட்டென்று மேசைக்குப் பாய்ந்தார். அசல் படிவத்தையும் ஒரு கட்டு உறையையும் வாரி அணைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். "இதெல்லாம் ஆராய்ச்சித் துறையோட சொத்து."

கதவருகே ரெக்கார்டுகாரர் நின்றிருந்தார். தீயணைப்பு உருளை அவர் கையில்.

'க்ளிக்.'

புரொஃபசர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். குத்தினார். நான் போன அதே பாதை. அட்டையை எடுத்துத் தேடினார்; அதைக் காட்டும் பெட்டி வெளியே இருக்கிறது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார்.

"அடித்தளம் சார்" என்றேன். "சிக்னல் வராது. சாப்பாட்டுக்கு ஒரு தடவை திறப்பாங்க, வீட்டுக்கு ஒரு தடவை. பழகிடும்."

"கதவைத் திற!" என்று ரெக்கார்டுகாரரிடம் கத்தினார். மூன்று வருஷத்தில் புரொஃபசர் அவரிடமிருந்து எதிர்பார்த்த முதல் பதில் அதுவாகத்தான் இருக்கும்.

ரெக்கார்டுகாரர் உருளையைக் கீழே வைத்தார். புரொஃபசரின் கையிலிருந்து படிவத்தை மட்டும், குழந்தையை வாங்குவதுபோல, மெல்ல உருவினார். மேசையில் வைத்து, முதல் பக்கத்தைப் பிரித்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். சீட்டில் ஒரே ஒரு சொல் எழுதி நீட்டினார்.

'வாசிங்க.'

"பைத்தியமா?"

"போலீஸ் வர்ற வரைக்கும் வேற வேலை இல்லையே" என்றார் சிஸ்டர், இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தபடி. "பதினாலு பக்கம். நாற்பது நிமிஷம்னு நீங்கதான் அச்சடிச்சிருக்கீங்க. நாங்க மூணு பேரும் கைநாட்டுன்னு வெச்சுக்கங்க."

புரொஃபசர் எங்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், துடிக்கும் விளக்கைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் வாசித்தாரா, தானே முதல் முறையாகப் படித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆறாம் பக்கத்தில், 'எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். ரெக்கார்டுகாரர் மேசை மணியை ஒரு தட்டுத் தட்டினார். புரொஃபசர் தொடர்ந்தார்.

பதின்மூன்றாம் பக்கத்தில் வெளியே காலடிச் சத்தம். அதே நேரத்தில் ஃபைல் லிஃப்ட் மணி அடித்தது. மூன்று முறை.

யாரும் நகரவில்லை. நான்தான் போய்க் கயிற்றை இழுத்தேன். பெட்டிக்குள், அளவு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், நாத்தனாரின் கோணல் எழுத்தில்:

'பொண்ணு. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அழுதுட்டா. அம்மாக்காரி கண்ணு முழிச்சு, என்னைக் கேக்காம யாருடி என் விரலைத் தொட்டதுன்னு கத்தறா. இங்கே வரைக்கும் கேக்குது.'

உரக்கப் படித்தேன். ரெக்கார்டுகாரர் அந்தத் தாளை வாங்கி, கடைசி வரியை விரலால் ஒரு முறை தடவினார். பிறகு புரொஃபசரின் முன்னால் வைத்து, மணியைத் தட்டினார்.

இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது.